மொட்டை டயரும் மழை மேகமும்

டயர் தேய்ந்து மொட்டையாகிவிட்டால் அதனை மாற்றியே ஆக வேண்டும் என்பது மிதிவண்டி ஓட்டும் சிறுவனுக்கும் தெரிந்த பாடம். ‘பட்டன் போய்விட்டது, இனி இது ஆகாது’ என்று சொல்லி ஓரமாக உருட்டிவிடுகிறோம். ஆனால் மோட்டார் பந்தயம் நடைபெறும் களத்திற்கு ஒருமுறை சென்று பார்த்தால், நாம் பெரிதும் நம்பியிருக்கும் இந்த உலகியல் அறிவு அங்கே தலைகீழாக நிற்பதைக் காணலாம். நல்ல விலை கொடுத்து, புத்தம் புதிதாக, மொட்டை டயரை வாங்கிக் காரில் பூட்டுகிறார்கள். ‘இதென்ன வேடிக்கை!’ என்று நாம் வியந்துகொண்டிருக்கும்போதே மேற்கே ஒரு மேகம் திரள்கிறது. உடனே மொட்டை டயர்களைக் கழற்றிவிட்டு, ஆழமான பள்ளங்கள் கீறிய வேறு நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். இவற்றுள் எது நல்ல டயர், எது கெட்ட டயர்? டயரை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. தரையைப் பார்த்தே சொல்ல முடியும்.

ஈரோட்டில் பழைய டயர்களுக்குப் புதுப் பட்டை ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை ஒன்றை முப்பது ஆண்டுகள் நடத்தியவன் நான். சங்ககிரியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் வரும் லாரி டயர்களைக் கையால் தடவிப் பார்த்தே, காற்று கூடுதலாக வைத்து ஓட்டினார்களா, குறைவாக வைத்து ஓட்டினார்களா என்று சொல்லிவிடலாம். நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. பந்தய டயர்களைப் பற்றி நான் அறிந்துகொண்டதோ என் தமக்கை மகனால். லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் அவன், நண்பர்கள் இருவருடன் கூட்டுச் சேர்ந்து பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, தேவையற்ற பாரங்களையெல்லாம் கழற்றி எறிந்து, கோவைப் பக்கம் நடைபெறும் கழகப் போட்டிகளில் ஓட்டி வருகிறான். அவை பிழைப்புக்காக ஓடுகிறவர்களின் போட்டிகள் அல்ல. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, சேர்த்த பணத்தில் பெட்ரோலும் டயரும் வாங்கிக்கொண்டு, ஆசைக்காக ஓடுகிறவர்களின் போட்டிகள்.

மோட்டார் பந்தயம் என்றதும் அது மேனாட்டுச் சீமான்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நம் தமிழ்நாட்டுக்கும் அதற்கும் நெடுநாளைய உறவு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் 1950-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. அவற்றை நடத்திய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் தோன்றியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் ஒன்று உருவாயிற்று. கோவை நகரத்தவரான எஸ். கரிவரதன், புதிதாகப் பழகும் இளைஞர்களும் ஓட்டத்தக்க பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டினார். அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்டது. ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆகவே இது நம் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாகவும் ஆகிவிட்டது. பிள்ளைகள் விளையாடும் விளையாட்டில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் அறிந்திருத்தல் நல்லதன்றோ?

கார் எவ்வளவு பெரிதாயினும் அது தரையைத் தொடும் இடம் மிகச் சிறிது. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு நிலத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறது. ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியால்தான். டயரில் பள்ளம் கீறினால் அப்பரப்பில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர்க் கட்டிகள் வளைவுகளில் நெளிகின்றன, நெளிவதால் சூடேறுகின்றன, சூடு அளவு கடந்தால் பிய்ந்து போகின்றன. பள்ளமே இல்லாத டயரில் முழுப் பரப்பும் தரையைப் பற்றுகிறது. அதன் ரப்பரும் சாலை டயரின் ரப்பரைவிட மென்மையானது. இரண்டு மூன்று சுற்றுகளில் சூடேறியதும் பசைபோலத் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த தடத்தில் அதற்கு நிகரில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடித் தேய்ந்து மொட்டையான நம் வீட்டு டயரையும் இதையும் ஒன்றாகக் கருதலாகாது. வீட்டு டயரின் ரப்பர் வெயிலிலும் வயதிலும் இறுகிப் போயிருக்கும். அடியிலுள்ள நூலிழைகள் வெளிப்படும் அளவுக்கு மெலிந்தும் இருக்கும். அதை உலர்ந்த சாலையிலும் நம்பக் கூடாது.

மழை பெய்துவிட்டால் நிலைமை மாறுகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க இயலாது. அது விலகிப் போவதற்கு வழி வேண்டும். பள்ளங்களே அந்த வழி. வழியில்லாத டயர் ஓரளவு வேகத்திற்கு மேல் தண்ணீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்குகிறது. அந்நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நில்லாது. விமானங்கள் மழையில் இறங்கும்போது இப்படிச் சறுக்குவதைக் குறித்து அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் 1960-களில் ஆராய்ந்து ஒரு கணக்கைத் தந்தார்கள். டயரிலுள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும் என்பது அது. கார் டயரில் நாம் வைக்கும் 30 பவுண்டு காற்றுக்கு இக்கணக்கைப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வருகிறது. பள்ளம் இருந்தும் அதன் ஆழத்தை மிஞ்சித் தண்ணீர் நின்றாலும் இதே கதிதான். அதற்கு அடிக்கணக்கில் வெள்ளம் வேண்டியதில்லை. சில மில்லிமீட்டர் போதும்.

பையன்கள் ‘டிரை’, ‘வெட்’ என்று சொல்கிறார்கள். நான் வெயில் டயர், மழை டயர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மழை டயரின் வேலை தண்ணீரை இறைப்பது. பார்முலா ஒன் பந்தயத்திற்கென்று பைரெல்லி நிறுவனம் செய்யும் முழு மழை டயர் ஒன்று, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வினாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை விலக்குவதாகக் கூறுகிறார்கள். ஒரு வினாடியில் ஐந்தாறு குடம் தண்ணீர்! ஆனால் அதே டயரை உலர்ந்த தடத்தில் விட்டால் சில சுற்றுகளிலேயே அதன் கட்டிகள் கொதித்துச் சிதைந்து போகும். ஆகையால்தான் மழை விட்டதும் ஓட்டிகள் வேண்டுமென்றே ஈரம் தேங்கிய இடங்களைத் தேடிப்பிடித்து அவற்றின்மேல் ஓட்டி டயரைக் குளிர்விக்கிறார்கள். காற்று வைப்பதிலும் வேறுபாடு உண்டு. டயரின் சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு கூடும். வெயிலில் டயர் நன்றாகச் சூடேறும் என்பதால் முதலில் குறைத்து வைக்கலாம். மழையில் டயர் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே புறப்படும்போதே சற்றுக் கூட்டி வைக்க வேண்டும்.

பெரிய அணிகள் மலைபோல் டயரை அடுக்கி வைத்திருப்பார்கள். கழகப் போட்டியில் ஓடும் பையனுக்கு எட்டு டயர் வாங்குவதே பெரும்பாடு. ஆகவே அவர்கள் ஒரு சிக்கன வழியைக் கையாள்கிறார்கள். சாலைக்கும் பந்தயத்திற்கும் பொதுவான, ஆழம் குறைந்த பள்ளங்களுள்ள டயர்கள் கிடைக்கின்றன. அவை புதிதாக இருக்கும்போது பள்ளம் முழு ஆழத்துடன் இருப்பதால் மழைக்கு ஏற்றவை. ஓடித் தேயத் தேயக் கட்டிகளின் உயரம் குறைந்து நெளிவும் குறைகிறது. அப்போது அவை வெயிலுக்கு ஏற்றவையாகின்றன. எனவே புதியதை மழைக்கென்று பத்திரப்படுத்தி, பாதி தேய்ந்ததை வெயிலில் ஓட்டுகிறார்கள். தேய்ந்ததற்கும் ஒரு காலம் உண்டு; அது சிறந்து விளங்கும் நாளும் உண்டு என்பதை எண்ணும்போது, பழைய டயரோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி! ஆனாலும் ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடந்த டயரின் ரப்பர் இறுகிவிடும் என்பதால் பள்ளம் ஆழமாக இருப்பதைக் கொண்டு மட்டும் அதை நல்ல மழை டயர் என்று சொல்லிவிட முடியாது.

டயர் கையில் இருந்தாலும் எப்போது எதைப் பூட்டுவது என்பதே பெரிய கேள்வி. அதிலும் நம் கொங்கு நாட்டு வானம் எளிதில் பிடிகொடுப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசிக்கொண்டே சாரலைத் தூவும். தரை நனையும், காற்றில் உடனே காயும். அதற்கு முழு மழை டயர் மிகையாகிவிடும். ஐப்பசியிலோ உச்சிவேளை வரை வெயில் கொளுத்திவிட்டு, பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும். அதற்கு முன் வெயில் டயர் சில நிமிடங்களும் நில்லாது. தடத்தின் ஒரு முனையில் தூசி பறக்க, மறுமுனை வளைவில் தண்ணீர் தேங்கி நிற்பதும் உண்டு. நீண்ட நாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறலில் எண்ணெயும் ரப்பர்த் தூளும் மேலே மிதந்து தரை சோப்புப் போட்டதுபோல் ஆகிவிடும். வெயிலில் எந்தப் பாதையில் ஓடினால் பிடிப்பு மிகுதியோ, மழையில் அந்தப் பாதையே மிகுதியாக வழுக்கும். அங்கேதான் ரப்பர் படிந்திருக்கிறது. கைதேர்ந்த ஓட்டிகள் அப்போது அதை விட்டு விலகி வெளிப்புறமாகச் செல்வார்கள். நேற்று வெற்றி தந்த வழியை இன்று விட்டு விலகுவதற்கும் ஒரு மனத்துணிவு வேண்டும்.

உலகப் புகழ் பெற்றவர்களும் இக்கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள். 1993 ஏப்ரல் 11, உயிர்ப்பு ஞாயிறன்று இங்கிலாந்தின் டானிங்டன் தடத்தில் பந்தயம் நடந்தது. மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. மூன்று முறை உலக வாகையர் பட்டம் பெற்றிருந்த பிரான்சு நாட்டு அலன் புரோஸ்ட், ஏழு முறை டயர் மாற்றும் இடத்திற்கு வந்து போனார். பிரேசில் நாட்டு அயர்டன் சென்னாவோ, தரை நனைந்திருந்த சில வேளைகளிலும் வெயில் டயருடனேயே பொறுமையாக ஓட்டி, இரண்டாவதாக வந்தவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் பின்தள்ளி வென்றார். அப்படியானால் மாற்றாமல் இருப்பதே அறிவு என்று கொள்ளலாமா? 2021 செப்டம்பர் 26-ஆம் நாள் ரஷ்யாவின் சோச்சியில், வெற்றிக்கு மிக அண்மையில் வந்துவிட்ட இளைஞர் லாண்டோ நாரிஸ், மழை வந்த பின்னும் டயர் மாற்ற மறுத்தார். மழை வலுத்தது, கார் சறுக்கியது, ஏழாமிடமே கிட்டிற்று. மாற்றிக்கொண்ட லூயிஸ் ஹாமில்டன் தம் 100-ஆவது வெற்றியைப் பெற்றார். ஒருவருக்கு நிலைத்து நின்றது துணை செய்தது; மற்றவருக்கு அதுவே வினையாயிற்று. விதி என்று ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிட முடியாது. ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்துப் புதிதாக முடிவு செய்தாக வேண்டும்.

ஓடாமல் நிற்பதும் அத்தகைய முடிவுகளுள் ஒன்று. நம் கோவை நரேன் கார்த்திகேயன், பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அவர் முதன்முதலாகப் புள்ளிகள் பெற்ற நாளே இதற்குச் சான்று. 2005 ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 20 கார்கள் அணிவகுத்தன. அங்கே மழை இல்லை. ஆனால் சரிவாகக் கட்டப்பட்ட ஒரு வளைவின் பாரத்தை மிஷலின் டயர்கள் தாங்குமா என்பதற்கு அந்நிறுவனத்தாரே உறுதி கூற இயலவில்லை. இரண்டு நாட்களுக்கு முன் அதே வளைவில் ஒரு கார் மோதி நொறுங்கியிருந்தது. பல்லாயிரவர் கண்முன்னே, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் பூட்டிய 14 கார்களும் ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்கள் மட்டுமே ஓடின. அவற்றில் ஒன்றை ஓட்டிய நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். மக்கள் கூச்சலிட்டார்கள், ஏமாற்றம் என்று ஏசினார்கள். ஆனால் ஒதுங்கிய 14 பேரும் அன்று மாலை நலமாகத் தங்கள் விடுதிக்குத் திரும்பினார்கள்.

என் மருமகனுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலைப் பந்தயம் நல்ல வெயிலில் நடந்தது. அவன் நடுவில் ஓரிடத்தில் வந்து முடித்தான். உச்சிவேளைக்குப் பிறகு மேகம் கூடிக் கொட்டத் தொடங்கிற்று. அவனிடம் இருந்தவை தேய்ந்த வெயில் டயர்கள் நான்கு மட்டுமே. மழைக்கென்று ஒரு தொகுதி வாங்க அதுவரை பணம் சேரவில்லை. இரண்டாம் பந்தயத்திற்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று. கூட்டாளி ஒருவன் எங்கிருந்தோ இரண்டு மழை டயர்களை இரவல் வாங்கி வந்துவிட்டான். “முன் சக்கரம்தானே இழுக்குது? முன்னால ரெண்டும் போட்டாப் போதும்” என்பது அவன் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

மருமகன் என்னைப் பார்த்தான். “மாமா, நீங்க என்ன சொல்றீங்க?”

“டயரைப் பத்திக் கேட்டாச் சொல்றேன், மாப்பிள்ளை. முன்னால ரெண்டும் தரையைப் புடிச்சுக்கும். பின்னால ரெண்டும் புடிக்காது. வளைவுல பிரேக்கை விட்டதும் பின்பக்கம் முன்னால வந்துரும். நாலும் ஒண்ணா இருக்கோணும். ஓடறதும் ஓடாததும் உன் கையில” என்றேன்.

அவன் தடத்தின் ஓரத்திற்குச் சென்று, மழையில் நனைந்தபடி சிறிது நேரம் நின்றான். அடுத்த வளைவில் தண்ணீர் ஓடையாகக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தான், போட்டி நடத்துவோரிடம் சென்று, தான் புறப்படப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்தான். கூட்டாளிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்றைய பந்தயத்தில் எவருக்கும் பெரிய தீங்கு நேரவில்லை. மழையும் அரை மணி நேரத்தில் ஓய்ந்தது. அவன் ஓடியிருந்தாலும் ஒருவேளை ஒன்றும் நேர்ந்திராது. இதை மறைத்து, ‘நல்லவேளை, தப்பினான்’ என்று கதை சொல்வது உண்மையாகாது. ஆயினும் அவன் செய்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். முடிவெடுக்கும் நேரத்தில் கண்முன்னே இருந்தவை தேங்கிய தண்ணீரும் தேய்ந்த டயருமே. பின்னால் வரப்போகும் அதிர்ஷ்டம் அப்போது எவர் கையிலும் இல்லை. கட்டிய பணம், கூட்டாளியின் வருத்தம், பார்ப்பவர்களின் பேச்சு ஆகிய மூன்றும் காதில் ஒலித்தன. ஆனால் தரையின் ஈரத்தை அவற்றுள் ஒன்றும் குறைக்கப் போவதில்லை.

இரவு வீடு திரும்பினோம். கணவரை இழந்த என் தமக்கைக்கு அவன் ஒரே மகன். நடந்ததைக் கேட்டுக்கொண்டே இலையைப் போட்டாள்.

“கட்டின பணம் திரும்ப வராதா?”

“வராதுங்கம்மா.”

“போனாப் போகுது. உக்காந்து சாப்பிடு.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதம் அவளுக்குச் சீட்டுப் பணம் விழுந்தது. இஞ்சின் வேலைக்கென்று அவன் எண்ணியிருந்த தொகையோடு அதையும் சேர்த்து நான்கு டயர்கள் வாங்கினார்கள். விலை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்திற்கும் மேல். இஞ்சின் வேலை ஓராண்டு தள்ளிப் போயிற்று. புது டயர்களைப் பட்டறையின் உள்ளறையில், வெயில் படாத இடத்தில் அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் சாக்குக்கட்டியால் ‘மழை’ என்று எழுதி வைத்திருக்கிறாள் என் தமக்கை. வேகத்திற்குச் செலவு செய்வதைவிடப் பிடிப்புக்குச் செலவு செய்வது மேல் என்பதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரிந்தே இருந்தது.

நம் பக்கத்து ரேக்ளா வண்டிக்காரர்களும் இதை அறிவார்கள். காங்கேயம் காளை எவ்வளவு விரைவுடையதாயினும், லாடம் தேய்ந்திருந்தால் தார்ச்சாலையில் விட மாட்டார்கள். காளையின் மானம் பெரிதா, காளையின் கால் பெரிதா என்று கேட்டால் அவர்கள் காலையே சொல்வார்கள்.

பந்தயம் நம்மில் பலருக்கு எட்டாததாக இருக்கலாம். ஆனால் ஈரோட்டிலிருந்து கோவைக்கோ சேலத்திற்கோ குடும்பத்துடன் காரில் செல்லும் நாம் எல்லாரும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே செல்கிறோம். நம்மிடம் மாற்று டயர் இல்லை. ஒரே டயர் வெயிலையும் மழையையும் சமாளிக்க வேண்டும். ஆகவே சில செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். டயரின் பள்ளத்தினுள் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நன்று. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்க முடிந்தால், முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் பூட்டச் சொல்லுங்கள். காரணம் மேலே சொன்னதே. மாதம் இருமுறையேனும், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் காற்றை அளந்து பாருங்கள். முதல் மழையின் முதல் கால் மணி நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். தேங்கிய நீரில் கார் மிதப்பதாகத் தோன்றினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறைய விடுங்கள்.

மழை எப்போது வரும் என்பதை நம்மால் முடிவு செய்ய இயலாது. வந்த பின் எதைப் பூட்டிக்கொண்டு செல்வது, செல்வதா நிற்பதா என்பவை மட்டுமே நம் கையில் இருப்பவை. கையில் இருப்பதைக் கண் திறந்து செய்தால் போதும். பணம் போனாலும் பரிசு போனாலும், இரவுச் சோற்றுக்குப் பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டால் அன்றைய பந்தயம் நல்லபடியாகவே முடிந்தது என்று கொள்ளலாம்.